திரு. பேஸ்

அயனாவரம் என்றொரு ஊர், அந்த ஊருக்குள் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு, குடியிருப்புக்குள் மூன்றாம் பிளாக், அந்தப் பிளாக்கின் நான்காவது மாடியில் கோபத்தோடு ஒரு மனிதர் இருந்தார். அவருக்கு அந்தக் கோபம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பொன்னாடையும் பூங்கொத்துமாக, ஆயிரத்து ஐந்நூறு பேரின் கைதட்டலோடு வந்தது, ஆகவே அதை ஏதோ வயசான காலத்துச் சிடுசிடுப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அவர் பெயர் எபநேசர். வயது எழுபத்திரண்டு. சினிமாப் பாட்டுகளுக்கு நாற்பத்தொரு வருஷம் பேஸ் கிதார் வாசித்தவர். பேஸ் கிதார் என்றால், பாடகர் மேலே பறந்துகொண்டிருக்கும்போது கீழே தும் தும் என்று தரை மாதிரி கிடக்கிறதே, காதைவிடக் காலுக்கு முதலில் கேட்கிறதே, அது. மற்ற கிதாருக்கு ஆறு கம்பி, அதற்கு நான்கே நான்கு தடிக்கம்பிகள். கல்யாணக் கச்சேரிக்குப் போன இடத்திலெல்லாம் மேடைக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, “மீதி ரெண்டு கம்பி அறுந்துபோச்சா சார்?” என்று அக்கறையாக விசாரிக்காத மாமா கிடையாது. அதற்கெல்லாம் எபநேசர் கோபப்பட்டதில்லை. அறுந்துதான் போச்சு, நாளைக்கு வாங்கணும் என்று சொல்லிவிட்டு வாசிப்பார்.

அவருக்குக் கோபம் வந்தது சுரபூபதி ராமபத்ரனின் பொன்விழாவில். ராமபத்ரன் பெரிய இசையமைப்பாளர். அவர் பாட்டு ஒலிக்காத கல்யாண மண்டபமும் கிடையாது, டவுன் பஸ்ஸும் கிடையாது. அந்தப் பாட்டுகளில் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு எபநேசர்தான் பேஸ். விழா மேடையில் அவரைக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, மைக்கைப் பிடித்து ராமபத்ரன் சொன்னார்: “என் பாட்டுக்கெல்லாம் அஸ்திவாரம் இவர். கிறிஸ்தவங்கள்ல தாமஸ், ஜேம்ஸுனு பேர் வைக்கிற மாதிரி இவருக்கு பேஸுனு வெச்சிருக்காங்க. பேருக்கேத்த மாதிரி பேஸே வாசிச்சார் பாருங்க, அதுதான் தெய்வ சங்கல்பம்!” அரங்கமே எழுந்து கைதட்டியது. கையில் கொடுத்த கண்ணாடி நினைவுப் பரிசிலும் ‘இசைச்செல்வர் திரு. பேஸ் அவர்களுக்கு’ என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது.

ராமபத்ரன் கிண்டல் செய்யவில்லை, அதுதான் கொடுமை. ஒலிப்பதிவுக் கூடத்தில் யாருக்கும் யார் பேரும் தேவைப்பட்டதில்லை. வயலினெல்லாம் வந்தாச்சா, தபேலா சாப்பிட்டாச்சா, ஃபுளூட்டுக்கு ஜுரமாமே, பேஸ் எங்கேப்பா என்றுதான் நாற்பத்தொரு வருஷமும் கேட்டார்கள், இவரும் நாற்பத்தொரு வருஷமும் இதோ வந்துட்டேன் சார் என்றுதான் சொன்னார், அப்படி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டும் சொல்லியும் அந்தப் பெரிய மனுஷரின் மண்டைக்குள் அது ஞானஸ்நானப் பெயராகவே உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி லில்லி புஷ்பம் கண்ணாடிப் பரிசில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு முதலில் சிரித்தாள். அப்புறம் புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

“மைக்க வாங்கி என் பேரு இதுன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“வாயத் தொறந்தேன் லில்லி. அதுக்குள்ள போட்டோக்காரன், பேஸ் சார் இப்பிடிப் பாருங்கன்னான்.”

“அப்புறம்?”

“பாத்துத் தொலச்சிட்டேன்.”

எது அவரை அதிகம் எரித்தது என்று கேட்டால், ராமபத்ரன் சொன்னதல்ல, தான் திரும்பிப் பார்த்ததுதான். கூப்பிட்டவனுக்குத் திரும்பிய அந்தக் கழுத்தைத் தானே திருகிப் போட்டுவிடலாம் போல இருந்தது அவருக்கு.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு எபநேசர் கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். அந்தக் கிதார் எழுபத்தைந்தாம் வருஷம் துறைமுகத்தில் ஒரு ஜப்பான்கார மாலுமியிடம் இரண்டு பட்டுப்புடவையும் ஒரு கேரியர் வஞ்சிரக் குழம்பும் கொடுத்து வாங்கியது; புடவைகளில் ஒன்று லில்லியின் கல்யாணப் புடவை, அதை அவள் இன்றுவரை சொல்லிக்காட்டாத நாளில்லை. புதுக் கம்பிக்கு வழியில்லாத காலத்தில் பழைய கம்பிகளையே ரசச் சட்டியில் சோடா உப்புப் போட்டு வேகவைத்து, துடைத்து, மறுபடி மாட்டி வாசித்தார். மீட்டிய சுரத்தின் கார்வை நீண்டு வழியாமல் இருக்க ரப்பர் செருப்பில் விரலகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கம்பிகளுக்கு அடியில் திணித்திருந்தார், அந்தச் செருப்புத் துண்டின் சத்தத்தைத்தான் பம்பாயிலிருந்து வந்தவர்கள் என்ன மிஷின் என்ன மிஷின் என்று தேடிவிட்டுப் போனார்கள். மூலையில் நின்ற ஆம்ப்ளிஃபயர் ஒரு ரேடியோ மெக்கானிக் பழைய பீரோப் பலகையில் கட்டிக் கொடுத்தது, கன்றுக்குட்டி எடை, சூடாக முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

வாசித்ததில் அவருக்குப் பிடித்தவை மூன்று. ஒரு தாலாட்டு, அதில் அவருக்கு முழுப்பாட்டுக்கும் இரண்டே சுரம், ஆனால் அந்த இரண்டையும் பிள்ளை முழித்துக்கொள்ளாமல் வைக்க ஒரு பகல் முழுக்க ஆனது. ஒரு மழைக் குத்துப்பாட்டு, வாசித்து முடித்தபோது விரல் நுனியில் ரத்தம். மூன்றாவது, படகுப் பாட்டு. அதில் ஓரிடத்தில் நிற்க வேண்டியவர் விரல் வழுக்கிக் கீழே கீழே போய் எங்கோ ஆற்றின் அடிமணலைத் தொட்டுவிட்டார், ஐயோ தப்பு என்று நாக்கைக் கடித்தபோது ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து ராமபத்ரன், “பேஸ், அது இருக்கட்டும்” என்றார். அந்த இடத்துக்குத்தான் ஜனங்கள் நாற்பது வருஷமாகக் கண் கலங்கினார்கள், படகோட்டியின் துயரத்துக்கு என்று நினைத்துக்கொண்டு.

இதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டு எபநேசர் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்து, சத்தமாகவே, “போதும். எல்லாரும் வீட்டுக்கு வாங்க” என்றார்.

வந்தன. அவர் வாசித்த சுரமெல்லாம் வாசித்த பாட்டுகளை விட்டுக் கிளம்பி வந்தன. டீக்கடை ரேடியோவிலிருந்தும், கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் பெட்டியிலிருந்தும், லாரிகளிலிருந்தும், ஃபோன்களிலிருந்தும், துபாயில் ஒரு சமையல்காரரின் காதில் மாட்டியிருந்த ஒயரிலிருந்தும் இறங்கி, கொன்னூர் நெடுஞ்சாலை வழியாக, சாயங்காலம் ஆலைவிட்டு வருகிறவர்கள் மாதிரி கும்பல் கும்பலாக நடந்து, மூன்றாம் பிளாக்கின் படியேறி, நான்காவது மாடிக் கதவு திறந்திருக்க உள்ளே போயின. குத்துப்பாட்டுச் சுரங்கள் கட்டிலுக்கு அடியிலும், தாலாட்டுச் சுரங்கள் அரிசி டிரம்மிலும், படகுப் பாட்டினுடையவை தண்ணீர்த் தொட்டியிலும் இடம் பிடித்தன. இடம் கிடைக்காதவை மாடிப்படியில் உட்கார்ந்தன. லில்லி காப்பி டம்ளரைத் தரையில் வைத்தபோது காப்பியில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. “இத்தினி பேருக்கு எங்கங்க எடம்?” என்று மட்டும் கேட்டாள்.

பிளாக்கில் பதினாறு வீடுகள். முதல் நாள் எல்லோருக்கும் பல் கூசியது, இரண்டாம் நாள் பழகியது, மூன்றாம் நாள் உபயோகம் கண்டுபிடித்துவிட்டார்கள். நம் ஆட்கள் இடி விழுந்தாலும் அதில் அப்பளம் சுட்டுக்கொள்கிறவர்கள்தானே. நான்காவது மாடிப் படியில் வைத்தால் இட்லி மாவு இரண்டு மணி நேரத்தில் பொங்கியது. நெஞ்சுச் சளிக்காரர்கள் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தால் சளி இளகியது. அழுகிற கைக்குழந்தைகளை அரிசி டிரம்மின்மேல் துணி விரித்துப் படுக்க வைத்தார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்குக் குத்துப்பாட்டுக் கட்டில். அடுத்த பிளாக்கிலிருந்தும் ஜனம் வரத் தொடங்கவே, குடியிருப்போர் சங்கச் செயலாளர் தணிகாசலம் அவசரக் கூட்டம் போட்டு, ‘மூன்றாம் பிளாக் சுரங்கள் மூன்றாம் பிளாக்குக்கே’ என்று தீர்மானம் நிறைவேற்றி, படியில் கயிறு கட்டினார்.

“சார், நீ இன்னாத்துக்கு இட்டாந்தியோ, அத்த நான் கேக்கல. மாவு வெக்க மட்டும் டைம் போட்டுக் குடு” என்றார் எபநேசரிடம். ஏன் வந்தன என்று அவர் மட்டுமல்ல, ஒருவரும் கேட்கவில்லை. அதிலும் எபநேசருக்குக் கோபம்தான்.

வெளியே உலகத்தில் நடந்தது வேறு. பாட்டுகள் இருந்தன, அடி போய்விட்டது. மண்டபங்களில் மணமக்கள் அந்தப் பாட்டுக்கு நடந்து வரும்போது கடைசிப் படி இல்லாத மாடியில் இறங்குகிறவர்களைப் போலத் தடுமாறினார்கள். ஆடி மாசத்துக் குழாய் ஒலிபெருக்கியில் பாட்டு தகரம் தகரமாக விழுந்தது. பஸ்ஸில் காரணமில்லாமல் சண்டை மூண்டது. ஸ்பீக்கர் மெக்கானிக்குகளின் கடையில் வரிசை நின்றது, அவர்கள் பிரித்துப் பார்த்து எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றார்கள். காது டாக்டர்கள் குறும்பி எடுத்தார்கள். தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து இளைய தலைமுறையின் ரசனைக் கோளாறு என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். பாட்டில் உப்பில்லை என்றார்கள், உயிரில்லை என்றார்கள், என்ன இல்லை என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தொலைந்த பொருளுக்குப் பெயர் தெரிந்தால்தானே தேட முடியும்?

எபநேசர் டி.வி. முன்னால் உட்கார்ந்து அத்தனையும் பார்த்தார். “தேடுங்கடா, நல்லாத் தேடுங்க” என்றார். ஒருவன், ஒரே ஒருவன், அடியில் வாசித்தவர் யார் என்று கேட்டு அந்தப் பெயரைச் சொல்லட்டும், அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்று லில்லியிடம் சத்தியம் செய்தார். அப்படி ஒருவனும் இல்லாவிட்டால் தன்னோடு சேர்த்து இவற்றையும் பெட்டியில் வைத்துப் புதைக்கட்டும். லில்லி அதற்கு, “மொதல்ல கட்டிலுக்கடியில பெருக்க விடுங்க” என்றாள்.

கயிறு கட்டிய படியில் மாவும் வைக்காமல், முதுகும் சாய்க்காமல் இருந்தவர் பிளாக்கில் ஒரே ஒருவர், முதல் மாடியில் தனியாக இருந்த ஊறுகாய்க்காரம்மா. அறுபத்தைந்து வயதிருக்கும். எலுமிச்சை, நார்த்தங்காய், மாகாளி என்று போட்டு பாட்டிலில் விற்பார். மற்றவர்கள் பாட்டில் உப்பில்லை என்று புலம்பியபோது, டீக்கடையில் நின்று ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, “பேஸ் போயிடுச்சு” என்று சொன்னவர் அந்தம்மா மட்டும்தான். அது எபநேசர் காதுக்கும் வந்தது. ஊறுகாய்க்காரம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தார், அத்தோடு விட்டுவிட்டார். மாடியேறி வந்து ஒரு நாள் அந்தம்மா சண்டையும் போட்டார். “திருப்பி அனுப்புங்க சார். அது உங்க பாட்டு மட்டும் கெடையாது” என்றார்.

“உங்களுக்கு இன்னாம்மா தெரியும்? நீங்க ஊறுகாயப் பாருங்க” என்று எபநேசர் கதவைச் சாத்தினார்.

பதினோராம் நாள், காலை பத்து மணிக்கு, மூன்றாம் பிளாக் படியில் மாவு பொங்குகிற சேதி காதுக்கு எட்டி, ராமபத்ரனே வந்தார். கீழே வெள்ளைக் கார் நின்றதுமே பதினாறு வீடும் படிக்கட்டுக்கு வந்துவிட்டது. மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி, டிரைவர் ஒரு புதுக் கண்ணாடிப் பரிசோடு பின்னால் வர, நான்காவது மாடிக்கு வந்து சேர்ந்தவர் வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டார். தரை முழுக்க அவர் பாட்டுகளின் அடி கிடந்து முனகிக்கொண்டிருந்தது. எண்பத்து நான்கு வயசுக் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அது பொய்க் கண்ணீர் அல்ல.

“தப்புப் பண்ணிட்டேன்ப்பா,” என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, “திரு. எப... எபிநேசன்” என்று படித்தார்.

எபநேசருக்குக் காது மடல் சிவந்தது. “பாத்துப் படிக்கிறீங்க. அதயும் தப்பாப் படிக்கிறீங்க.”

“எனக்குச் சுரம்தான் நிக்கும்ப்பா, ஆள் நிக்காது. அது என் சுபாவம்.”

“சுபாவமா? படகுப் பாட்டுல எத்தன பேரு வாசிச்சோம், சொல்லுங்க.”

ராமபத்ரன் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“முப்பத்தோரு பேரு!” எபநேசரின் குரல் நான்கு மாடியும் இறங்கியது, அவர் குரலோடு தண்ணீர்த் தொட்டிச் சுரங்களும் சேர்ந்து அதிர்ந்தன. “ஃபுளூட்டு சேவியர். மொத வயலின் நரசிங்கராவ். அவர் பக்கத்துல கண்ணு தெரியாத ஆதிமூலம். தபேலா இஸ்மாயில் பாய், அன்னிக்கு அவருக்குப் பொண்ணு பொறந்த நாளு, வாசிச்சு முடிச்சுட்டுத்தான் போனாரு. துடுப்புச் சத்தத்துக்கு வாளித் தண்ணில கைய வுட்டு அடிச்சவன் பேரு சிங்காரவேலு, வாளில கைய வுட்டவன் பேரு வரிக்கும் எனக்குத் தெரியும்! உங்களுக்கு நாங்கெல்லாம் சாமான். வயலினு, தபேலா, பேஸு. அப்புறம் கோரஸ், நாலு பொண்ணுங்க. அப்புறம் வீணை...”

“அந்த நாலு பொண்ணுங்களுக்குப் பேரு இல்லியா?”

குரல் படிக்கட்டில் கீழேயிருந்து வந்தது. ஜனங்கள் ஒதுங்கினார்கள். ஊறுகாய்க்காரம்மா மேலே வந்தார், கையெல்லாம் மிளகாய்ப்பொடி, கழுவக்கூட நிற்காமல் வந்திருந்தார்.

“வாளில கைய விட்டவன் பேரு தெரியுது. மைக்குக்குக் கிட்ட நின்னு, நீங்க தப்புன்னு நாக்கக் கடிச்ச எடத்துல உங்க சுரத்துக்கு மேல ஒரு ‘ஓ’ பிடிச்சு அதத் தப்பில்லாமப் பண்ணினாளே, அவ பேரு என்ன சார்? உங்க ஆம்ப்ளிஃபயர் மேல தண்ணி சொம்ப வெச்சான்னு திட்டினீங்களே, அவ பேரு?”

எபநேசருக்கு அந்தச் சொம்பு ஞாபகம் இருந்தது. அந்த ‘ஓ’ எலும்பு வரைக்கும் ஞாபகம் இருந்தது.

“பதினாறு வருஷமா இதே பில்டிங்குல இருக்கேன். வந்த அன்னிக்கே உங்களத் தெரிஞ்சுது. என்னிக்காவது கேப்பீங்கன்னு இருந்தேன். எலுமிச்ச ஊறுகா ஒரு பாட்டில்னுதான் கேட்டீங்க. அவரு உங்கள பேஸுன்னாரு. நீங்க என்னை ஊறுகாங்கறீங்க. பெரிய வித்தியாசம்!”

சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கிப் போய்விட்டார். ராமபத்ரனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தும் உதட்டோரம் வந்துவிட்டது.

“சிரிக்காதய்யா!” என்றார் எபநேசர். நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக மரியாதை கொடுக்க மறந்தார். “நீயும் சிரிக்காத. சிரிக்க உனக்கும் வழியில்ல, எனக்கும் வழியில்ல.” ராமபத்ரன் புதுக் கண்ணாடிப் பரிசை மாவுக் குண்டானுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, டிரைவரின் தோளைப் பிடித்து இறங்கினார்.

எபநேசர் உள்ளே போய் லில்லியைக் கேட்டார். “அந்தம்மா பேரு உனக்குத் தெரியுமா?”

“தெரியாம? அவங்க கோரஸ் பாடினதும் தெரியும்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க எப்பக் கேட்டீங்க?”

“இப்பக் கேக்குறேன். சொல்லு.”

“மாட்டேன்” என்றாள் லில்லி. அவளுக்கும் கோபம் இருந்தது, புடவைக் கோபத்தைவிடப் பெரிய கோபம்.

படியில் நின்ற ஒவ்வொருவரையாக எபநேசர் கேட்டுக்கொண்டே இறங்கினார். நாலாவது மாடியில் ஊறுகாய்க்காரம்மா என்றார்கள். மூன்றாவது மாடியில் மாகாளி மாமி என்றார்கள். இரண்டாவது மாடியில், சங்கத்து நோட்டில் அத்தனை வீட்டு விவரமும் எழுதி வைத்திருந்த தணிகாசலம், நோட்டைப் புரட்டிவிட்டு, “முதல் மாடி, மூணாம் நம்பர், சிங்கிள் லேடினு கீது சார்” என்றார். இட்டுக்கொண்டு வந்தவர் இறங்கிப் போவதைப் பார்த்து, கட்டிலுக்கடியிலும் டிரம்மிலும் தொட்டியிலும் இருந்த சுரங்களெல்லாம் எழுந்து, படிக்குப் படி அவர் பின்னாலேயே இறங்கின. மூன்றாம் பிளாக்கின் கம்பிக் கைப்பிடி முழுதும் அதிர்ந்தது.

கதவைத் தட்டினார். பழக்கதோஷத்தில் ‘ஊறு’ என்று ஆரம்பித்து, அப்படியே விழுங்கினார்.

கதவு திறந்தது.

“உங்க பேரு எனக்குத் தெரியாதும்மா. கேட்டதே இல்ல. நான் கேக்கல.”

அந்தம்மா அவரை வாசலிலேயே நிற்க வைத்தார். ஒரு டஜன் எலுமிச்சை நறுக்குகிற நேரம் நின்றிருப்பார்.

“அபரஞ்சி” என்றார் கடைசியில்.

“அபரஞ்சி” என்றார் எபநேசர்.

அதைச் சொன்னதும் சுரங்கள் கலைந்தன. பின்னாலிருந்தவை முன்னால் வந்து, தெருவில் இறங்கி, வந்த வழியே வந்த பாட்டுக்குத் திரும்பிப் போயின. மூலை டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரு குலுக்கு குலுங்கித் தரையில் கால் ஊன்றியது. டீ மாஸ்டர் காரணம் தெரியாமல் அடுத்தவனுக்கு ஒரு பன் எடுத்துக் கொடுத்தார். மாவு வைத்திருந்தவர்கள் மட்டும் இனி ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டுமே என்று திட்டினார்கள்.

ஆனால் படகுப் பாட்டின் சுரங்கள் போகவில்லை. முதல் மாடிப் படியில் அப்படியே உட்கார்ந்திருந்தன.

“ஏன் போவல?” என்றார் எபநேசர். “மீதி மூணு பேரு பேரும் சொல்லணுமோ? சொல்லுங்க அபரஞ்சியம்மா, நான் திருப்பிச் சொல்றேன்.”

“ஒருத்தி ஸ்டெல்லா. ஒருத்தி குமுதவல்லி.” அவரும் சொன்னார், இவரும் சொன்னார். அப்புறம் அபரஞ்சியம்மா தன் சிவந்த கைகளைப் பார்த்துக்கொண்டார். சற்றுமுன் மூன்று மாடி ஏறி வந்து கேள்வி கேட்ட வேகம் அப்போது அந்த முகத்தில் இல்லை. “நாலாவதா நின்னவள நாங்க நெட்டைன்னுதான் கூப்பிடுவோம். மூணு வருஷம் ஒரே மைக்குல பாடினோம். நெட்டை, தள்ளி நில்லுடின்னுதான் சொல்லியிருக்கேன்.”

இரண்டு பேரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது யார்மேல் கோபப்படுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, ஆனாலும் கோபம் மட்டும் இருந்தது, நன்றாகவே இருந்தது.

இன்றைக்கும் அந்தப் படகுப் பாட்டை நீங்கள் போட்டுக் கேட்டால் படகு போகும், ஆறு இருக்காது. எபநேசரும் அபரஞ்சியும் தினம் காலையில் பழைய ஆட்களின் வீடுகளைத் தேடிக் கிளம்புகிறார்கள், வடபழனி, சாலிகிராமம், பம்மல் வரைக்கும் போய் வருகிறார்கள். தேடுவது அந்த நாலாமவரை: எழுபத்தொன்பது, எண்பதாம் வருஷங்களில் கோரஸ் பாடியவர், இடது புருவத்தில் ஒரு தழும்பு, உயரம். உங்கள் தெருவில் இருக்கலாம், உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். விசாரித்துவிட்டு வந்து சொல்லுங்கள், ஆனால் பெயரை விசாரித்துவிட்டு வாருங்கள். நெட்டையாக ஒரு அம்மா இருக்கிறார் என்று மட்டும் வந்து நின்றால், எபநேசர் உங்கள் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்துவார்.